வீட்டு லேண்ட்லைனுக்கு வயர் இல்லாத ஹெட்செட், கம்மி செலவுல மாட்ட முடியுமா?

கணக்கு_நோட்டு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்குள்ள மொபைல் சிக்னல் சுத்தமா எடுக்காது, வாசல்ல போய் நின்னாதான் பேச முடியும், அதனால இன்னமும் லேண்ட்லைன்தான் எங்களுக்கு முக்கியமான போன். நான் வீட்ல இருந்தே சில பேருக்கு கணக்கு எழுதிக் குடுக்கறேன், அவங்க போன் பண்ணி பில்லை ஒவ்வொண்ணா படிப்பாங்க, நான் கேட்டுக்கிட்டே கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும், ரிசீவர் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு இருக்கும். இப்ப கழுத்துல ஆரம்பிச்ச வலி தோள்பட்டை வரைக்கும் இறங்கிடுச்சு. டாக்டர் முதல்ல அப்படி இடுக்கிப் பேசறத நிறுத்துங்கன்னுதான் சொன்னார்.

போன் பழைய டேபிள் போன், சுருள் வயர் வெச்ச ரிசீவர். ஸ்பீக்கர் கிடையாது. அதே போன்லதான் அம்மாவும் பேசுவாங்க, அவங்களுக்கு காது கொஞ்சம் மந்தம்.

மொபைலுக்கு வாங்கின ப்ளூடூத் ஹெட்செட் ஒண்ணு சும்மா கிடக்கு. அத இந்த லேண்ட்லைனோட எப்படியாவது சேர்க்க முடியுமா? ஆபீஸ்ல போட்டுக்கற மாதிரி டெக்ட் (கார்ட்லெஸ் போன்ல ஓடற ரேடியோ முறை) ஹெட்செட்னு தேடிப் பாத்தா அந்த விலைக்கு நல்ல போனே ரெண்டு மூணு வாங்கிடலாம் போல இருக்கு. அவ்வளவு போட முடியாது. எழுந்து ரெண்டு ரூம் தள்ளிப் போய் ஒரு ஃபைல் எடுத்துட்டு வர்ற அளவுக்கு தூரம் வந்தா போதும். தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.


ஒயர்_பெட்டி:

சகோ, ப்ளூடூத் ஹெட்செட் நேரா சேராது. ஹெட்செட்டுக்குள்ள இருக்கற ரேடியோ பேசணும்னா எதிர்ப்பக்கம் இன்னொரு ப்ளூடூத் ரேடியோ இருக்கணும், உங்க டேபிள் போன்ல அப்படி ஒண்ணும் கிடையாது, அதுல இருக்கறது ஒரு மைக், ஒரு காது ஸ்பீக்கர், ஒரு பெல், அவ்வளவுதான். நடுவுல ஒரு பெட்டி வெச்சாதான் முடியும். எந்தப் பெட்டிங்கறது உங்க போன்ல என்ன சாக்கெட் இருக்குங்கறதப் பொறுத்தது, அதனால எதுவும் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி போனைத் திருப்பிப் போட்டு ஒரு தடவை நல்லா பாருங்க.

சுருள் வயரோட ரெண்டு முனையும் கழட்ற மாதிரி இருக்கா, இல்ல ரிசீவரோட சேத்தே ஒட்டி வந்திருக்கா? கழட்ற மாதிரி இருந்தா அந்தக் குட்டி பிளக்குக்கு ஆர்ஜே9னு பேரு, நாலு கம்பி இருக்கும். சுவத்துக்குப் போற லைன் வயர்ல இருக்கறது ஆர்ஜே11, அது கொஞ்சம் அகலம். பக்கவாட்டுல ஊசித் துளை மாதிரி 2.5 எம்எம் ஜாக் இருக்கான்னும் பாருங்க, மொபைல் இயர்போன் ஜாக்கை விட சின்னதா இருக்கும். ஹெட்செட்னு ஒரு பட்டன் தனியா இருந்தா இன்னும் நல்லது.

என்னைக் கேட்டா உங்க தேவைக்கு ரொம்ப கம்மி செலவுல முடியற வழி வேற ஒண்ணு. 2.5 எம்எம் ஹெட்செட் ஜாக் உள்ள ஒரு சாதாரண கார்ட்லெஸ் போன் வாங்குங்க, அதுல வயர் வெச்ச லேசான ஒத்தக் காது ஹெட்செட்டை மாட்டுங்க, ஹேண்ட்செட்டை இடுப்புல பெல்ட் கிளிப்புலயோ சட்டைப் பையிலயோ வெச்சுக்கங்க. காதுல இருந்து இடுப்பு வரைக்கும் மட்டும்தான் வயர், வீடு பூரா நடக்கலாம். வயர் இல்லாததுன்னு நீங்க கேட்டதுக்கு இது முழுசா பதில் இல்லதான், ஆனா கழுத்து தப்பிச்சிடும், டெக்ட் ஹெட்செட் செலவுல ஒரு சின்னப் பங்குதான் ஆகும். போன் வர்றப்ப ஹேண்ட்செட்ல பட்டனை அமுக்கினா போதும், போய் ரிசீவரைத் தூக்க வேண்டாம். அந்த ரிசீவரைத் தூக்கற விஷயம்தான் மத்த எல்லா வழியிலயும் தலைவலி, எக்சேஞ்ச் சார் வந்தா விளக்கமா சொல்வார்.


பழைய_எக்சேஞ்ச்:

வந்துட்டேன். டெலிபோன் வேலையிலயே இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால முதல்ல பாதுகாப்பு.

தம்பி, எந்த ஹெட்செட்டையும் எந்தப் பெட்டியோட ஹெட்செட் பக்கத்தையும் சுவத்து லைன்ல நேரா சொருகிடாதீங்க. காப்பர் லைன்ல சும்மா இருக்கறப்பவே 48 வோல்ட் டிசி நிக்கும், பெல் அடிக்கறப்ப அது மேல 75ல இருந்து 90 வோல்ட் வரைக்கும் ஏசி வரும். கையில பட்டா நல்லா சுரீர்னு அடிக்கும், ஹெட்செட்டா இருந்தா அதோட ஆயுசு அங்கயே முடிஞ்சிடும். போனைத் திறக்கறதா இருந்தாலும் லைன் வயரைப் பிடுங்கிட்டுதான் திறக்கணும். ரிசீவர் பக்கம் இருக்கற நாலு கம்பில இந்த வோல்டேஜ் வராது, ஹெட்செட் பெட்டி எல்லாம் போனுக்கும் ரிசீவருக்கும் நடுவுல உக்கார்றதுக்கு அதுதான் காரணம்.

அந்த நாலு கம்பில நடுவுல இருக்கற ரெண்டும் பெரும்பாலும் காதுக்கு, வெளிப்பக்கம் இருக்கற ரெண்டும் மைக்குக்கு. பெரும்பாலும்னுதான் சொல்றேன், கம்பெனிக்குக் கம்பெனி மாத்தி வெச்சிருப்பாங்க. மைக்கும் எல்லாம் ஒரே ஜாதி இல்ல, ரொம்பப் பழைய போன்ல கார்பன் மைக், அதுக்கப்புறம் வந்ததுல எலக்ட்ரெட் மைக், ஒண்ணுக்கு வேண்டிய கரண்டும் அது குடுக்கற சத்தமும் இன்னொண்ணுக்கு ஒத்து வராது. அதனாலதான் நல்ல ஹெட்செட் பெட்டில ஏ, பி, சி, டின்னு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு மாதிரி கம்பி வரிசைக்கு. அந்த ஸ்விட்ச் இல்லாத பெட்டிய இன்னொருத்தர் போன்ல வேலை செஞ்சுதுங்கற தைரியத்துல வாங்காதீங்க.

இப்ப ஒயர்_பெட்டி சொன்ன ரிசீவர் விஷயம். டேபிள் போன்ல ரிசீவர் வெக்கற இடத்துல ஒரு ஸ்விட்ச் இருக்கு, கொக்கின்னு சொல்லுவோம். ரிசீவரைத் தூக்கினாதான் லைன் திறக்கும். காதுல எவ்வளவு நல்ல வயர்லெஸ் ஹெட்செட் இருந்தாலும் பெல் அடிச்சா ஒருத்தர் போய் ரிசீவரை எடுத்து பக்கத்துல வெச்சாகணும், பேசி முடிச்சதும் திரும்ப வெக்கணும். வெக்க மறந்தா அடுத்து கூப்பிடறவங்களுக்கு எல்லாம் லைன் பிஸி. இதுக்குன்னே லிஃப்டர்னு ஒரு மோட்டார் கருவி வருது, ரிசீவருக்கு அடியில உக்காந்து ஹெட்செட் பட்டனை அமுக்கினதும் தானா தூக்கிக் குடுக்கும். நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கு ஒரு தனி விலை. ஆபீஸ் போன்ல எலக்ட்ரானிக் ஹூக் ஸ்விட்ச்னு ஒரு கேபிள் போட்டு அதே வேலையை செஞ்சுக்குவாங்க, சாதாரண வீட்டு போன்ல அந்த வசதி இருக்காது.

நீங்க மேஜைல உக்காந்துதானே பேசறீங்க, ரிசீவரைக் கையால எடுத்து வெக்கறது உங்களுக்கு பெரிய கஷ்டமா இருக்காது. நடந்துக்கிட்டே போன் எடுக்கணும்னா கார்ட்லெஸ்தான்.


கணக்கு_நோட்டு:

ரொம்ப நன்றி சார், ஒயர்_பெட்டி சகோ உங்களுக்கும். போனைப் பாத்துட்டேன். சுருள் வயர் ரெண்டு முனையும் கழட்ற மாதிரிதான், நாலு கம்பி தெரியுது. பக்கவாட்டுல எந்த ஜாக்கும் இல்ல, ஹெட்செட் பட்டனும் இல்ல. அடியில பெல் சத்தத்துக்கு ஒரு ஸ்விட்ச் மட்டும்.

இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல இருக்கார், அவங்க ஆபீஸ்ல பழைய டெக்ட் ஹெட்செட்டை எல்லாம் கழிச்சு விடறாங்களாம், வேணும்னா ஒண்ணு எடுத்துட்டு வரேங்கறார். நாங்க இருக்கறது அமெரிக்கா இல்ல. வாங்கிக்கலாமா?


ஹெட்செட்_வாசி:

அத மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க சகோ, ஓசியா வந்தாலும்.

டெக்ட்னு ஒரே பேரா இருந்தாலும் ஊருக்கு ஊர் அலைவரிசை வேற. ஐரோப்பாவுலயும் இன்னும் பல நாடுகள்லயும் 1880ல இருந்து 1900 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடால 1920ல இருந்து 1930, அங்க விக்கறதுல டெக்ட் 6.0னு போட்டிருக்கும். 6.0ங்கறத பாத்து புது வெர்ஷன்னு நினைச்சுக்குவாங்க, அது வெறும் விற்பனைப் பேருதான். அமெரிக்கா செட்டை வேற நாட்டுல போட்டா வேலை செய்யும், பிரச்சினையும் அதுதான், அந்த 1920க்கு மேல இருக்கற இடத்தை பல நாடுகள்ல மொபைல் கம்பெனிங்களுக்குக் குடுத்திருக்காங்க, நீங்க அவங்க அலைவரிசைல கத்திக்கிட்டு இருப்பீங்க. சட்டப்படி தப்பு, அவங்க டவருக்கும் இடைஞ்சல், உங்க பேச்சும் கரகரக்கும். அதுவும் இல்லாம அடாப்டர் அந்த ஊர் வோல்டேஜுக்கு மட்டும் செஞ்சதா இருந்தா சொருகின உடனே போயிடும்.

உங்க நாட்டுலயே பழசு கிடைச்சா தாராளமா வாங்கலாம். நான் வருஷக்கணக்கா ஹெட்செட் போட்டு வேலை பாக்கறவன், எங்கிட்ட இருக்கறது எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான். ஆபீஸ் மூடறவங்க, போன் சிஸ்டத்தை மாத்தறவங்க மொத்தமா விப்பாங்க, புதுசு விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. பிளான்ட்ரானிக்ஸ், ஜாப்ரா ரெண்டும் அதிகமா கண்ணுல படும். பிளான்ட்ரானிக்ஸ் 2019ல பாலின்னு பேர் மாத்திக்கிச்சு, அதனால ரெண்டு பேர்லயும் தேடிப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஹெட்செட் மட்டும் தனியா வந்தா கைல வாங்கவே வாங்காதீங்க. பேஸ் ஸ்டேஷன் (போனோட சேர்ற, ஹெட்செட்டுக்கு ரேடியோ அனுப்பற பெட்டி), அதோட அடாப்டர், பேஸ்ல இருந்து போனுக்குப் போற குட்டைக் கேபிள் மூணும் சேர்ந்து வரணும், அந்தக் குட்டைக் கேபிள் தொலைஞ்சு போன செட்டுதான் அடிமாட்டு விலைக்கு வரும். பேஸோட பின்பக்கத்தை ஃபோட்டோ கேளுங்க. சில பேஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், யூஎஸ்பி மட்டும் இருக்கும், அது உங்க போனுக்கு உதவாது. போன் படமோ ஆர்ஜே9 சாக்கெட்டோ பின்னாடி தெரியணும். பேட்டரி எப்படியும் தளர்ந்திருக்கும், தனியா மாத்திப் போடற பேட்டரியா, உள்ளயே மூடி வெச்சதான்னு மாடல் பேரைப் போட்டுப் பாத்துக்கங்க. காதுப் பஞ்சை புதுசா மாத்திடுங்க, அடுத்தவங்க காதுல இருந்தது.

ப்ளூடூத்தை விட டெக்ட் ஏன் நல்லதுன்னு ஒரு வார்த்தை. ப்ளூடூத் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அங்கதான் பாதி வைஃபை இருக்கு, மைக்ரோவேவ் அவனும் இருக்கு, நெரிசல். சாதாரண ஹெட்செட்டுக்கு ஏறக்குறைய 10 மீட்டர், நடுவுல ரெண்டு சுவர் வந்தா அதுவும் குறையும். டெக்ட்டுக்கு தனி இடம், வைஃபை தொல்லை கிடையாது, வீட்டுக்குள்ள 50 மீட்டர் வரைக்கும்னு சொல்லுவாங்க, கான்கிரீட் சுவர் எத்தனைங்கறதப் பொறுத்து கொஞ்சம் ஏறி இறங்கும். ரெண்டு ரூம் தள்ளின்னு நீங்க சொன்னதுக்கு ப்ளூடூத் இழுத்துப் பிடிச்சுதான் எட்டும், டெக்ட் தாராளமா எட்டும்.


டிவி_பாக்கறவன்:

இதே இழைல ஒரு சந்தேகம் கேட்டுக்கறேன். டிவி பின்னாடி மாட்டற ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் எங்கிட்ட இருக்கு. அத போன் ரிசீவர் சாக்கெட்ல ஏதாவது கன்வர்ட்டர் போட்டு மாட்டினா வேலை செய்யுமா? விலை ரொம்பக் கம்மி.


ஒயர்_பெட்டி:

செய்யாதுங்க. அது ஒரு வழிப் பாதை. டிவி டிரான்ஸ்மிட்டர் பாட்டு அனுப்பற வேலையை மட்டும் செய்யும், ஹெட்செட் மைக்ல இருந்து திரும்பி வர்றத வாங்கிக்காது. எதிர்ல பேசறவங்க சொல்றது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசறது அவங்களுக்குப் போகாது. போன் பேச ஹேண்ட்ஸ்ஃப்ரீன்னு தனி புரொஃபைல், அதாவது ப்ளூடூத்ல அந்த வேலைக்குன்னே இருக்கற முறை வேணும், ரெண்டு பக்கமும் அது இருக்கணும். கடைப் பக்கத்துல ஹெச்எஃப்பி, இல்ல ஹெச்எஸ்பின்னு போட்டிருக்கான்னு பாருங்க, ஏ2டிபி மட்டும் இருந்தா பாட்டுக்கு மட்டும்தான்.

இதே மாதிரி பேர் குழப்பற இன்னொரு சாமான், ப்ளூடூத் கேட்வேன்னு விக்கற பெட்டி. லேண்ட்லைனையும் ப்ளூடூத்தையும் சேர்க்கும்னு போட்டிருக்கும், ஆனா பலதும் எதிர்த் திசைல வேலை செய்யும், அதாவது மொபைலுக்கு வர்ற கால் வீட்ல இருக்கற டேபிள் போன்ல அடிக்கறதுக்கு. நமக்கு வேண்டியது லேண்ட்லைன் கால் ஹெட்செட்டுக்குப் போறது. படத்துல அம்புக்குறி எந்தப் பக்கம்னு நிதானமா பாத்துட்டு வாங்குங்க.

ஆர்ஜே9 சாக்கெட்டோட வர்ற டெஸ்க் போன் ப்ளூடூத் அடாப்டர்னு ஒரு வகை இருக்கு, கணக்கு_நோட்டு கேட்டதுக்கு நேர்ப் பதில் அதுதான், இருக்கற ப்ளூடூத் ஹெட்செட்டே சேரும். நல்லதா கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் ரிசீவரைக் கையால எடுக்கற வேலை அப்படியேதான் இருக்கும்.

ப்ளூடூத்தை உள்ளயே வெச்ச கார்ட்லெஸ் போனும் வருது, பானசோனிக்ல லிங்க்டூசெல்னு ஒரு வரிசை. இது எல்லாமே மொபைலை சேர்த்துக்கத்தான், சில மாடல் மட்டும் ஹெட்செட்டையும் சேர்த்துக்கும். மேனுவலை இறக்கி, ஹெட்செட் பேரிங்னு தனியா ஒரு பக்கம் இருக்கான்னு பாத்துக்கங்க, இல்லன்னா இல்லதான். இருந்தாலும் தூரக் கணக்கு பேஸ்ல இருந்துதான், ஹேண்ட்செட்டை கையோட எடுத்துட்டுப் போனாலும் ஹெட்செட் பேஸை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது.


மாடி_ஆன்டெனா:

யாரும் இத இன்னும் கேக்கலயே, உங்க லேண்ட்லைன் சுவத்துல இருந்து காப்பர் வயர்ல வருதா, இல்ல இன்டர்நெட் ஃபைபர் பெட்டில இருக்கற போன் சாக்கெட்ல இருந்து வருதா? ஃபைபர் பெட்டின்னா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல கேட்டுப் பாருங்க. அந்த லைன் உள்ளுக்குள்ள இன்டர்நெட் வழியாதான் ஓடும், பல கம்பெனிங்க லேண்ட்லைன் நம்பர்லயே மொபைல்ல பேச ஆப் குடுக்கறாங்க. வைஃபைல ஓடும், வீட்டுக்குள்ள டவர் இல்லாதது பிரச்சினையே இல்ல. மொபைல்ல ஆப், காதுல அந்த சும்மா கிடக்கற ப்ளூடூத் ஹெட்செட், செலவே கிடையாது. சில மோடம்ல டெக்ட் பேஸும் உள்ளயே இருக்கும், ஃப்ரிட்ஸ்பாக்ஸ்ல அப்படித்தான், கேப்ங்கற பொது முறைல வேலை செய்யற எந்தக் கம்பெனி ஹேண்ட்செட்டையும் அதுல நேரா பதிஞ்சுக்கலாம்.

கால் ஃபார்வேர்டிங் போட்டு மொபைலுக்குத் திருப்பறதும் ஒரு வழி, ஆனா உங்களுக்கு சிக்னல் இல்லன்னு சொல்றீங்க, வைஃபை காலிங் உங்க மொபைல்லயும் கம்பெனிலயும் இருந்தா மட்டும் யோசிக்கலாம். திருப்பற ஒவ்வொரு காலுக்கும் காசு போகுமான்னு கேட்டுக்கங்க.


கணக்கு_நோட்டு:

காப்பர் லைன்தாங்க, அதே லைன்லதான் பிராட்பேண்டும் வருது.

எல்லாத்தையும் படிச்சுட்டு கார்ட்லெஸ் வழிக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பெல் அடிச்சா எழுந்து போகாம எடுக்கறதுதான் எனக்கு வேணும், அதுக்கு டேபிள் போன்னா லிஃப்டர் வரைக்கும் போகணும். சில சந்தேகம் மட்டும். டேபிள் போனை எடுத்துடணுமா, ரெண்டும் ஒண்ணா இருக்கலாமா? மொபைலோட வந்த 3.5 எம்எம் இயர்போன்ல மைக் இருக்கு, அதுக்கு ஒரு கன்வர்ட்டர் போட்டு 2.5ல சொருகலாமா? அப்பறம் அம்மாவுக்கு காதுல மெஷின் போட சொல்லியிருக்காங்க, அவங்களுக்கும் இது ஒத்து வருமா?


பழைய_எக்சேஞ்ச்:

டேபிள் போனை எடுக்கவே எடுக்காதீங்க தம்பி. கார்ட்லெஸ் பேஸுக்கு வீட்டுக் கரண்ட் வேணும், கரண்ட் போனா அது செத்துடும். டேபிள் போன் எக்சேஞ்ச்ல இருந்து லைன்லயே வர்ற கரண்ட்ல ஓடறது, ராத்திரி கரண்ட் இல்லாதப்ப அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட அதுதான் இருக்கும். ஒரு டி ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டையும் மாட்டுங்க, ஒரே லைன்ல ரெண்டு போன் தாராளமா தாங்கும். பிராட்பேண்ட் அதே லைன்னு சொல்றீங்களே, கார்ட்லெஸ் பேஸுக்கு முன்னாடி டிஎஸ்எல் ஃபில்டர் (பிராட்பேண்ட் சிக்னலைப் போனுக்குள்ள விடாம பிரிக்கற சின்னப் பெட்டி) கட்டாயம், இல்லன்னா ஹெட்செட்ல உஸ்ஸுனு ஒரு இரைச்சல் நிக்காம கேக்கும், இன்டர்நெட்டும் அப்பப்ப அறுந்து போகும். நிறைய பேர் இந்த இரைச்சலுக்கு ஹெட்செட்டைக் குறை சொல்லி அதை மாத்தறாங்க.

அம்மாவுக்கு மெஷின் போடறப்ப, அதுல டெலிகாயில்னு ஒரு வசதி, டின்னு குறிச்சிருக்கும், இருக்கற மாடலா கேட்டு வாங்குங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்து வர்ற காந்தப் புலத்தை அது நேரா எடுத்துக்கும், வெளிச் சத்தம் கலக்காது. கார்ட்லெஸ் வாங்கறப்பவும் ஹியரிங் எய்டுக்கு ஒத்துவரும்னு பெட்டில எழுதியிருக்கான்னு பாருங்க. காதுக்குள்ள சொருகற இயர்போன் மெஷினோட ஒத்து வராது. மெஷின் காதுக்குப் பின்னாடி உக்கார்றதா இருந்தா அதோட மைக்கும் அங்கதான் இருக்கும், ரிசீவரைக் கொஞ்சம் மேல தூக்கி அதுக்கு நேரா பிடிக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி அம்மாவையே பேச வெச்சுப் பாத்துடுங்க, காது விஷயத்துல எழுதியிருக்கறத மட்டும் நம்ப முடியாது.


ஒயர்_பெட்டி:

கன்வர்ட்டர் விஷயம் கவனமா கேளுங்க, இங்கதான் நிறைய பேருக்கு மைக் வேலை செய்யாமப் போகுது. மொபைல் இயர்போன் பிளக்ல மூணு கருப்பு வளையம் இருக்கும், அதாவது நாலு தொடர்பு. நுனி இடது காது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட், கடைசில அடிப்பாகம் மைக். கார்ட்லெஸ் போன்ல 2.5 எம்எம் ஜாக்குக்கு வழக்கமா மூணே தொடர்பு, நுனி மைக், நடு காது, அடிப்பாகம் கிரவுண்ட். வரிசையே வேற. சைஸை மட்டும் மாத்தற கன்வர்ட்டர் போட்டா மைக் இருக்க வேண்டிய இடத்துல காது போய் நிக்கும். உள்ள கம்பியையும் மாத்தி விடற கன்வர்ட்டர் வேணும், மொபைல் ஹெட்செட்ல இருந்து 2.5 கார்ட்லெஸ் போனுக்குன்னு தெளிவா எழுதியிருக்கணும். அதைத் தேடி அலையறதுக்கு 2.5 எம்எம் பிளக்கோடவே வர்ற போன் ஹெட்செட் வாங்கிடறது நிம்மதி, விலையும் பெருசா இருக்காது.

காதுல போடறது ரொம்ப ஒசத்தியா இருக்கணும்னு அவசியம் இல்ல. லேண்ட்லைன்ல போற குரல் 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸுக்குள்ளதான், பாட்டு கேக்கற ஹெட்போனுக்குக் குடுக்கற காசு அந்தக் குழாய்க்குள்ள நுழையவே நுழையாது. காசை மைக்குல போடுங்க. வாய்ப் பக்கம் நீண்டு வர்ற கம்பி மைக், சுத்தி வர்ற சத்தத்தைக் குறைக்கற வகை. வயர்ல தொங்கற மைக் சட்டைல உரசி எதிர்ல இருக்கறவங்க காதைப் பிடுங்கும். நாள் பூரா போடப் போறீங்கன்னா தலைக்கு மேல பட்டை வர்ற மாடலா எடுங்க, காதுல கொக்கி மாட்டற மாடல் மதியத்துக்குள்ள காது மடலை வலிக்க வெச்சிடும்.

அப்பறம் ஹேண்ட்செட் பேட்டரி. பெரும்பாலும் ஏஏஏ சைஸ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிதான் இருக்கும். தளர்ந்து போனா அதே வகையைப் போடுங்க, டார்ச்சுக்குப் போடற சாதாரண பேட்டரிய அதுல போட்டு சார்ஜ்ல வெச்சிடாதீங்க, கசிஞ்சு போனே பாழாயிடும்.


ஹெட்செட்_வாசி:

பேஸை வைஃபை ரவுட்டர் தலைமேல வெக்காம கொஞ்சம் தள்ளி, வீட்டு நடுவுல, உயரமா வெச்சா தூரம் நல்லா வரும். இரும்பு பீரோ பக்கத்துல வேண்டாம். மெனுவுல ஈக்கோ மோட்னு (ECO, எதிரொலி இல்ல) இருந்தா முதல்ல ஆஃப் பண்ணிட்டு ரூம் ரூமா நடந்து பாருங்க, அது சிக்னல் பவரைக் குறைச்சு வெக்கும், எல்லா இடத்துலயும் நல்லா எடுத்தா அப்பறம் ஆன் பண்ணிக்கலாம்.


கணக்கு_நோட்டு:

மாட்டியாச்சு, அதனால எழுதறேன். ஹெட்செட் ஜாக் உள்ள டெக்ட் கார்ட்லெஸ், கூட 2.5 எம்எம் பிளக்கோட வர்ற தலைப்பட்டை ஹெட்செட். கார்ட்லெஸ் பழைய ஸ்டாக்கா ஒரு கடைல கிடைச்சுது, அதனால இன்னும் கொஞ்சம் கம்மியாச்சு. சார் சொன்ன மாதிரி ஃபில்டரும் ஸ்ப்ளிட்டரும் போட்டேன், இரைச்சல் சுத்தமா இல்ல, டேபிள் போன் அம்மா கட்டில் பக்கத்துக்குப் போயிடுச்சு. ஃபைல் ரூம்ல இருந்து பேசினா தெளிவா இருக்கு, மொட்டை மாடிப் படி ஏறினாதான் விட்டு விட்டுக் கேக்குது. ரெண்டு கையும் சும்மா இருக்கறதே பெரிய விடுதலையா இருக்கு, தோள் இறுக்கம் குறைய ஆரம்பிச்சிருக்கு.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. எதிர்ல இருக்கறவங்க உங்க மூச்சு சத்தம் புஸ்ஸு புஸ்ஸுனு கேக்குதுன்னு சொல்றாங்க. எனக்கும் என் குரலே காதுல கொஞ்சம் கேக்குது.


ஒயர்_பெட்டி:

மைக் வாய்க்கு நேர் முன்னாடி இருக்கு, அதான். உதட்டு ஓரத்துக்குக் கொண்டு போங்க, கன்னத்தை ஒட்டி ரெண்டு விரல் இடைவெளி விட்டு. அதோட மேல பஞ்சு உறை இருந்தா கழட்டாதீங்க. மெனுவுல மைக் வால்யூம் இருந்தா ஒரு படி குறைச்சுப் பாருங்க.


பழைய_எக்சேஞ்ச்:

உங்க குரல் உங்களுக்கே கேக்கறது கோளாறு இல்ல தம்பி, சைட்டோன்னு வேணும்னே வெச்சிருக்காங்க. அது இல்லன்னா லைன் செத்துப் போச்சோன்னு எல்லாரும் கத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. எரிச்சலா இருக்கற அளவுக்கு சத்தமா இருந்தா மட்டும் ஒயர்_பெட்டி சொன்ன மைக் வால்யூமைக் குறைங்க, அதுவும் சேர்ந்து இறங்கும். ஹெட்செட்டைப் பிடுங்கிட்டு ஹேண்ட்செட்லயே ஒரு தடவை பேசிப் பாருங்க, அதுலயும் அதே அளவு கேட்டா அது போனோட வழக்கம், விட்டுடுங்க.